சிறுநகர நாளேட்டின் வரலாற்றை அதன் தாளிலிருந்தே எழுதுவது

கேள்வி இதுதான்: யாழ்ப்பாணத்திலிருந்து முப்பது வருடமளவில் வெளிவந்து நின்றுபோன ஒரு சிறிய நாளேட்டின் வரலாற்றை எழுத வெள்ளவத்தையில் மூன்று பேர் முன்வந்திருக்கிறார்கள். கையில் இருப்பது அறுபது பழைய பிரதிகளும் ஒரு ஆண்டு நிறைவு மலரும். எங்கே தொடங்குவது, கொழும்பில் எதைப் பார்க்கலாம், எவ்வளவு காலம் பிடிக்கும்?

ஆண்டு மலரை இப்போதைக்கு மூடி வையுங்கள். வாழ்த்துச் செய்திகளும் நிறுவனரின் படமும் "இன்னல்கள் பல தாண்டி" என்ற வசனமும் அதில் இருக்கும். பத்திரிகை ஒவ்வொரு இரவும் எப்படி உருவானது என்பது அதில் இருக்காது. அது அந்த அறுபது பிரதிகளில் இருக்கிறது, தலைப்புக்குக் கீழே உள்ள ஒற்றை வரியிலும் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் உள்ள இரண்டு வரிகளிலும். செய்தியை வாசிக்கத் தொடங்கும் முன்னர் அறுபதிலும் இந்த மூன்று வரிகளை மட்டும் ஒரு கொப்பியில் பதியுங்கள். ஒரு நாள் வேலைதான். வரலாற்றின் எலும்புக்கூடு அதிலேயே எழுந்து நிற்கும்.

முதலில் தலைப்பின் கீழ்வரி. அங்கே மலர் எண் (பத்திரிகையின் எத்தனையாவது வருடம்), இதழ் எண் (அந்த வருடத்தில் எத்தனையாவது இதழ்), கிழமை, ஆங்கிலத் திகதி, தமிழ் வருடப் பெயருடன் தமிழ்த் திகதி, பக்கம், விலை இருக்கும். மலர் எண் ஜனவரி முதலாம் திகதி மாறுவதில்லை, பத்திரிகை தொடங்கிய நாளில் மாறும். ஆகவே மலர் 7 முடிந்து மலர் 8 தொடங்கும் நாளைக் கண்டுபிடித்தால் தொடங்கிய மாதமும் திகதியும் கிடைத்துவிடும். முதல் இதழைத் தேடி அலையத் தேவையில்லை. உங்கள் அறுபதில் மார்ச் மாதப் பிரதி மலர் 7 என்றும் ஜூன் மாதப் பிரதி மலர் 8 என்றும் இருந்தால் தேடவேண்டிய இடைவெளி மூன்று மாதம். இன்னும் சில பிரதிகள் கிடைக்கக் கிடைக்க அது சுருங்கும்.

இதழ் எண்ணும் கணக்குச் சொல்லும். வாரத்தில் ஆறு நாள் வரும் பத்திரிகை விடுமுறைகள் போக வருடத்தில் முந்நூற்றுச் சொச்சம் இதழ் போடும். ஏழு நாளும் வந்தால் அது முந்நூற்று அறுபதை நெருங்கும். அப்படி ஏழு நாளும் வந்த பத்திரிகையில் மலர் முடியும் நாளில் இதழ் எண் 240 என்று நின்றால் மூன்றில் ஒன்று அறுபட்டிருக்கிறது. தாள் இல்லாமலோ அச்சகம் இயங்காமலோ தடையினாலோ நின்ற நாட்கள் அவை. எந்த மாதத்தில் என்று தேடுங்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. ஈய எழுத்துக் காலத்தில் தலைப்பு முழுவதையும் கோத்து ஒரு தட்டில் அப்படியே வைத்திருப்பார்கள். ஒவ்வொரு இரவும் திகதி, கிழமை, எண் ஆகியவற்றுக்கான எழுத்துகளை மட்டும் பிடுங்கி மாற்றுவார்கள். நள்ளிரவில் அவசரமாகச் செய்யும் வேலை என்பதால் திகதி மாறி இதழ் எண் மாறாமல் போவதும், நேற்றைய எண்ணே இன்றும் வருவதும், ஒரு வாரத்துக்குப் பின்னர் யாரோ கண்டு ஐந்து எண்ணைத் தாண்டிப் போடுவதும் சாதாரணம். எனவே ஒரு பிரதியை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. கிழமை, ஆங்கிலத் திகதி, தமிழ்த் திகதி மூன்றும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இரண்டு பொருந்தி ஒன்று பொருந்தாவிட்டால் அந்த ஒன்றுதான் பிழை. தமிழ் வருடம் சித்திரையில் மாறுவதால் ஜனவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை முந்திய வருடப் பெயரே இருக்கும். வருடப் பெயரைக் கொண்டு திகதி போடுபவர்கள் இங்கேதான் ஒரு வருடம் சறுக்குகிறார்கள். இன்னொன்று: 1966 முதல் 1971 வரை இலங்கையில் வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் இல்லை, நிலவின் நிலையைக் கொண்டு கணிக்கும் பௌத்த நாளான போயாவை ஒட்டி வந்தது. அந்த ஐந்து வருடப் பிரதிகளில் "நாளை விடுமுறை" என்ற அறிவித்தலை வைத்துக் கிழமையை ஊகிக்காதீர்கள்.

"தொடங்கிய ஆண்டு" என்று ஒன்றை எழுதும்போதும் கவனம் வேண்டும். யாழ்ப்பாணத்து 'ஈழநாடு' 1959இல் தொடங்கியது, 1961இல் நாளேடானது. இரண்டு ஆண்டுகளுமே சரி, எந்தக் கேள்விக்கு எந்த ஆண்டு பதில் என்பதுதான் வேறு. கொழும்பில் 1947இல் தொடங்கிய 'சுதந்திரன்' நாளேடாகப் பிறந்து பின்னர் வார ஏடானது. "முதல் தமிழ் நாளேடு" என்ற பட்டத்துக்கும் இதே கதி. 'வீரகேசரி' 1930 ஓகஸ்ட் 6இல் வந்தது. 'தினகரன்' 1932 மார்ச் 15இல் வந்தது. அவற்றுக்கு முன்னரே 1920களில் கோ. நடேசய்யர் கொழும்பில் தினசரி நடத்திவிட்டார். இன்றும் ஓடும் நாளேடுகளில் மூத்தது, தலைநகருக்கு வெளியே தோன்றியவற்றில் முதலாவது என்று அளவுகோலைச் சொல்லி எழுதினால் சண்டை வராது.

இனிக் கடைசிப் பக்கத்தின் அடிவரிகள். "இப்பத்திரிகை இன்ன கம்பனியாருக்காக இன்னாரால் இன்ன வீதி, இன்ன இலக்கத்திலுள்ள அச்சகத்தில் அச்சிட்டு வெளியிடப்பட்டது" என்ற வரியை வாசகர் யாரும் வாசிப்பதில்லை. ஆனால் பத்திரிகையிலேயே சட்டப்படி பொய் சொல்ல முடியாத வரி அதுதான். 1839ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பத்திரிகைகள் கட்டளைச் சட்டம் தொடக்கம், அச்சிடுபவரும் வெளியிடுபவரும் பெயரையும் முகவரியையும் அச்சகம் இருக்கும் இடத்தையும் எழுத்தில் உறுதிப்படுத்திப் பதிய வேண்டும். ஆள் மாறினாலோ இடம் மாறினாலோ புதிதாகப் பதிய வேண்டும். ஆகவே அடிவரியில் பெயர் மாறும் நாளும் முகவரி மாறும் நாளும் உங்கள் அத்தியாயங்களின் எல்லைகள். உரிமை கைமாறியதை ஆசிரிய தலையங்கம் பல மாதம் சொல்லாமல் விடும், அடிவரியோ அந்த வாரமே சொல்லிவிடும். கம்பனிப் பெயர்கள் பழைமையையும் காத்து வைத்திருக்கும். 'வீரகேசரி'யை வெளியிடும் நிறுவனத்தின் பெயரில் 'சிலோன்' என்ற சொல், நாட்டின் பெயர் 1972இல் மாறிய பின்னரும் நின்றதைப் பாருங்கள்.

தலைப்பருகே "தபால் திணைக்களத்தில் செய்திப் பத்திரிகையாகப் பதிவு செய்யப்பட்டது" என்று ஒரு எண்ணும் இருக்கும். சலுகைத் தபால் கட்டணத்துக்கான பதிவு அது. எண்ணோடு வருடமும் சேர்ந்திருந்தால், முன்பக்கத்தின் மேல்மூலை கிழிந்து திகதி போன பிரதிக்குக்கூட வருடம் கிடைத்துவிடும்.

கொழும்பில் எங்கே போவது? மூன்று இடங்கள் கொழும்பு 7க்குள்ளேயே இருக்கின்றன. பிலிப் குணவர்தன மாவத்தையில் தேசிய சுவடிகள் திணைக்களம். பதிவுபெற்ற பத்திரிகைகளின் கட்டுகளை முதலில் தேடவேண்டிய இடம் இதுதான். சேர் மார்க்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில் தேசிய நூதனசாலையின் நூலகம். 1877இல் தொடங்கியது, 1885ஆம் ஆண்டின் அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டத்துக்குப் பின்னர் நாட்டில் அச்சானவற்றைப் பெற்றுவந்தது. சுதந்திர மாவத்தையில் தேசிய நூலகம். மூன்றிலும் அனுமதி பெற்றுத்தான் வாசிக்கலாம். தேசிய அடையாள அட்டையும் எதற்காகப் பார்க்கிறீர்கள் என்று ஒரு நிறுவனமோ பேராசிரியரோ தரும் கடிதமும் கொண்டுபோங்கள். படம் எடுக்க அனுமதி உண்டா, கட்டணம் என்ன என்பதை முதல் நாளே கேளுங்கள். பத்திரிகையின் பெயரைத் தமிழில் மட்டும் சொல்லாதீர்கள். பட்டியலில் அது ரோமன் எழுத்தில் இருந்தால் ஒரே பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். "ழ" வரும் பெயரென்றால் எல்லா எழுத்துக்கூட்டலையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கட்டு இல்லை என்ற பதில் வந்தால், எந்தப் பெயரில் தேடினார்கள் என்று கேட்டுவிட்டு மற்றப் பெயரில் தேடச் சொல்லுங்கள்.

பத்திரிகை லிமிட்டெட் கம்பனியாக இருந்திருந்தால் நாலாவது இடம் கம்பனிகள் பதிவாளர் திணைக்களம். பத்திரிகை நிறுவனமான லேக் ஹவுஸ் நிற்கும் அதே டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் இருக்கிறது. பங்குதாரர் பட்டியல், பணிப்பாளர்கள், வருடாந்த அறிக்கை ஆகியவை அந்தக் கோப்பில் இருக்கும். ஒரு சிறுநகரப் பத்திரிகையின் பங்குதாரர் பட்டியலை வாசித்தால் அந்த ஊரின் வணிகர்களும் வழக்கறிஞர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் யார் பக்கம் நின்றார்கள் என்பது தெரியும். வீட்டிலிருந்தே பார்க்கக்கூடியது 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளம். ஈழத்துப் பத்திரிகைகளின் ஏராளமான இதழ்களை அங்கே படமாக வைத்திருக்கிறார்கள். முதலில் அங்கே தேடி, இல்லாத மாதங்களை மட்டும் பட்டியலிட்டுக்கொண்டு கொழும்பு 7க்குப் போவதுதான் புத்தி.

அடுத்து அச்சு யந்திரம். இதைப் புரிந்துகொள்ளாமல் பழைய நாளேட்டைச் சரியாக வாசிக்க முடியாது.

நான்கு பக்கப் பத்திரிகை என்பது ஒரே தாள். ஒரு முகத்தில் 2ஆம், 3ஆம் பக்கங்கள், மறுமுகத்தில் 4ஆம், 1ஆம் பக்கங்கள். தட்டையான படுக்கையில் பக்கங்களை முடுக்கி வைத்து, தாளைக் கையால் ஒவ்வொன்றாக ஊட்டும் யந்திரம் மணிக்கு 1,200 தாள் மட்டில் தள்ளும் என்று வைத்துக்கொள்வோம். 5,000 பிரதிக்கு ஒரு முகம் அடிக்க நாலே கால் மணிநேரமளவு வேண்டும். காலை நாலரைக்குக் கட்டுகள் பஸ் நிலையத்துக்குப் போக வேண்டுமானால் வெளிமுகம் நள்ளிரவுக்குள் யந்திரத்தில் ஏற வேண்டும். உள்முகம் மாலை ஆறு, ஏழு மணிக்கே ஏறியிருக்க வேண்டும். இதன் விளைவைப் பாருங்கள். 2ஆம், 3ஆம் பக்கங்களில் மாலைக்குப் பிந்திய செய்தி இருக்கவே முடியாது. இரவில் நடந்தது முதற் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் மட்டும் வரும். ஒரு பெரிய சம்பவம் நடந்த நாளில் உள்பக்கம் ஏதும் அறியாதது போல ஒரு பாடசாலை விளையாட்டுப் போட்டியைப் பேசிக்கொண்டிருந்தால் அது ஆசிரியரின் அலட்சியம் என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் பக்கம் சம்பவத்துக்கு முன்னரே அச்சாகிவிட்டது.

எட்டுப் பக்கம் என்றால் இரண்டு தாள், நாலு முகம், அதே ஒற்றை யந்திரத்தில் பதினாறு மணிநேரத்துக்கு மேல். ஒரு இரவில் முடியாது. ஆகையால் விசேட நாட்களின் நடுத்தாள் முதல் நாளே அடித்து வைத்ததாக இருக்கும். கதை, கவிதை, சோதிடம், முழுப்பக்க விளம்பரம் எல்லாம் அதில்தான் போகும். ஒரு பத்திரிகை நாலிலிருந்து ஆறுக்கோ எட்டுக்கோ நிரந்தரமாக ஏறும் நாளை நீங்கள் குறித்தால், அது இரண்டாவது யந்திரமோ வேகமான யந்திரமோ வந்த நாள். விற்பனை பற்றி ஆண்டு மலர் சொல்லும் எண்ணிக்கையையும் இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஒரு யந்திரம், நாலு பக்கம், தினமும் இருபதாயிரம் பிரதி என்று யாரும் சொன்னால் ஒரு முகத்துக்கே பதினேழு மணிநேரம் வேண்டியிருக்கும்.

கொழும்பு நாளேடுகள் இதற்கு வேறொரு வழி செய்தன. யாழ்ப்பாணம் ரெயில் பாதையில் 400 கிலோமீற்றரளவு தூரம். இரவு மெயில் ரெயிலுக்குக் கட்டு ஏற்ற வேண்டுமானால் வெளியூர்ப் பதிப்பு மாலையிலேயே முடிய வேண்டும், நகரப் பதிப்பு அதற்குப் பின்னர். ஆகவே ஒரே திகதியில் இரண்டு முன்பக்கங்கள் இருக்கலாம். சுவடிக்கூடத்துக் கட்டில் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். யாழ்ப்பாணத்தில் ஒரு உள்ளூர் நாளேடு நிற்க முடிந்ததன் காரணமும் இந்த இடைவெளிதான். கொழும்புப் பத்திரிகை மாலைச் செய்தியோடு காலையில் வந்து இறங்கும்போது, உள்ளூர்ப் பத்திரிகை நள்ளிரவுச் செய்தியோடு வாசலில் கிடக்கும். மெயில் ரெயில் பிந்திய நாட்களில் உள்ளூர்ப் பத்திரிகைக்கு இன்னும் இரண்டு மணிநேர ஆதாயம்.

எழுத்தைப் பாருங்கள். தமிழுக்கு 247 எழுத்து என்றாலும் கால், கொம்பு போன்றவற்றைத் தனியே கோப்பதால் பெட்டியில் அவ்வளவு தேவையில்லை. ஆயினும் உகர, ஊகார வரிசைகள் எல்லாமே தனித்தனி அச்சு. ஆங்கிலப் பெட்டியைவிடப் பல மடங்கு பெரிய பெட்டி, அதற்கேற்ற முதல். சிறிய அச்சகத்திடம் எழுத்து இருப்பு குறைவு. பெரிய செய்தி வந்த இரவில் "த்", "க்" போன்றவை தீர்ந்துபோகும். உடனே வேறு வடிவத்து எழுத்தைச் செருகுவார்கள். ஒரே சொல்லில் தடித்த "க்" ஒன்றும் மெலிந்த "க்" ஒன்றும் நின்றால் அந்த இரவு எழுத்துப் பெட்டி வெறுமையாகிவிட்டது என்று பொருள். காலையில் அச்சு முடிந்த பக்கங்களைப் பிரித்து எழுத்துகளைப் பெட்டியில் திரும்பப் போடுவார்கள். பெட்டியின் சிற்றறைகளில் பக்கத்து எழுத்தோடு மாறி விழுந்தால் மறுநாள் கோப்பவர் பார்க்காமல் எடுப்பார், சரவை (அச்சுப் பிழை) பார்ப்பவர் தப்பவிட்டால் அப்படியே அச்சாகும். ஆகவே பழைய பிரதியில் காணும் பிழை பலவும் எழுத்துக்கூட்டல் தெரியாததால் வந்தவை இல்லை. மேற்கோள் காட்டும்போது அதை மனத்தில் வையுங்கள்.

படங்களுக்கு ஈயம் உதவாது, துத்தநாகத் தகட்டில் அமிலம் கொண்டு அரித்த புளொக் வேண்டும். புளொக் செய்யப் பணமும் நேரமும் ஆகும் என்பதால் ஒருமுறை செய்த புளொக்கை எறியமாட்டார்கள். அரசியல்வாதி ஒருவரின் அதே முகம், அதே பார்வை, பத்து வருடம் வரும். அந்தப் படத்தை வைத்து நிகழ்ச்சிக்குத் திகதி போடுவது ஆபத்து. இதற்கு நல்ல பக்கமும் உண்டு. புளொக்கின் மூலையில் கீறல் விழும், விளிம்பு தேயும். திகதி தெரிந்த பிரதிகளில் அந்தக் கீறல் எப்போது தோன்றியது என்று பார்த்தால் திகதி போன பிரதியையும் இடம்பார்த்து வைக்கலாம்.

ஈயத்திலிருந்து, தகட்டின் மையை ரப்பர் உருளை வழியாகத் தாளில் பதிக்கும் ஒப்செற்றுக்கு மாறிய நாளை விரலே சொல்லும். ஈய அச்சுத் தாளின் பின்பக்கத்தைத் தடவினால் எழுத்து அழுத்திய மேடு தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் எழுத்தின் விளிம்பில் மை ஒதுங்கி வளையமாக நிற்கும். ஒப்செற்றில் இரண்டும் இல்லை. படங்கள் திடீரென்று பெருகியிருப்பதும் அதன் அடையாளம். "லை", "னை", "ணா" போன்ற எழுத்துகளின் பழைய வடிவம் எப்போது மறைகிறது என்பதையும் பதியுங்கள். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது. இலங்கையில் அந்த ஆணை செல்லாது, ஒவ்வொரு அச்சகமும் எழுத்துத் தொகுதியை மாற்றியபோதுதான் மாறியது. ஆகவே 1978 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள், உங்கள் பத்திரிகையில் மாறிய மாதத்தை எழுதுங்கள். கணினி வந்த பின்னரான கோப்புகள் யாரிடமாவது இருந்தால் அவை பெரும்பாலும் யுனிகோட்டுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் இருக்கும். யுனிகோட்டுக்கு மாற்றியதும் காலும் "ர"வும் மாறியிருக்கின்றனவா என்று அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டே நம்ப வேண்டும்.

தாள். 38க்கு 56 சென்ரிமீற்றர் பக்கமுள்ள நாலு பக்கப் பத்திரிகை விரித்தால் 76க்கு 56. சதுர மீற்றருக்கு 48.8 கிராம் நிறையுள்ள செய்தித்தாளில் ஒரு பிரதி 21 கிராமளவு. 5,000 பிரதிக்கு 104 கிலோ, கழிவோடு 108. மாதம் 26 இதழ் என்றால் 2.8 தொன். வெளிநாட்டிலிருந்து வந்து கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி லொறியிலோ ரெயிலிலோ வடக்கே போக வேண்டிய 2.8 தொன். இந்தச் சங்கிலியில் எது அறுந்தாலும் அது பக்க எண்ணிக்கையில் தெரியும். 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கி யாழ்ப்பாணப் பாதையில் ரெயில் நின்ற பின்னர், பொருளாதாரத் தடைக்குள் இருந்த குடாநாட்டுப் பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளிலும் கிடைத்த நிறத் தாளிலும் அச்சாகின. மின்சாரம் இல்லை, ஜெனரேற்றருக்கு எரிபொருளும் தட்டுப்பாடு. 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கான தரைவழியான ஏ9 பாதை மூடியபோது மீண்டும் அதே தாள் பஞ்சம். இந்தப் பிரதிகளை ஸ்கான் செய்யும்போது கறுப்பு வெள்ளையாக எடுக்கவே வேண்டாம். தாளின் நிறமும் கொப்பிக் கோடும் அந்தக் காலத்தின் சாட்சி. கறுப்பு வெள்ளையில் கோடு எழுத்தோடு கலந்து இரண்டும் கெடும்.

இதழ் எண் அறுபடும் இடங்களில் முதலில் சோதிக்க வேண்டிய நாட்கள் சில உண்டு. 1981 ஜூன் 1 திங்கட்கிழமை. யாழ். பொது நூலகம் எரிந்த அந்த இரவுகளில் 'ஈழநாடு' பணிமனையும் எரிக்கப்பட்டது. நூலகத்தில் இருந்த பத்திரிகைக் கட்டுகளும் போயின. அதனால்தான் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைக்கும் கொழும்பில் கட்டுத் தேடவேண்டியிருக்கிறது. 1987 ஒக்டோபர் 10, 'ஈழமுரசு', 'முரசொலி' அச்சகங்கள் இந்திய அமைதி காக்கும் படையால் தகர்க்கப்பட்ட நாள். 1995 ஒக்டோபர் இறுதி, யாழ். குடாநாட்டின் வலிகாமம் பகுதி முழுவதுமாக இடம்பெயர்ந்த நாட்கள். அதன் பின்னர் அடிவரியில் முகவரி மாறியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். 2000 மே, யாழ்ப்பாணத்து நாளேடான 'உதயன்' அவசரகால விதிகளின் கீழ் மூடி முத்திரையிடப்பட்டது. 2006 மே 2, அதே 'உதயன்' பணிமனைக்குள் புகுந்து சுட்டதில் இரண்டு ஊழியர்கள் கொல்லப்பட்டார்கள். கொழும்பிலும் இப்படி உண்டு. 'தினபதி'யை வெளியிட்ட குழுமம் 1974இல் முத்திரையிடப்பட்டு 1977 வரை மூடிக் கிடந்தது. தணிக்கை நாட்களில் பத்திரிகை நிற்காது, பத்திக்குள் வெற்றிடம் விழும். வெற்றிடத்தின் நீளத்தை அளந்து குறியுங்கள். பின்னாளில் அந்தச் செய்தி என்னவென்று வேறு பத்திரிகையில் தெரிந்தால், எடுத்த அளவு பெரும்பாலும் பொருந்தும்.

வருமானத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. சிறுநகர நாளேட்டைக் காப்பாற்றியது ஆசிரிய தலையங்கம் என்று நினைக்கிறோம். காப்பாற்றியவற்றில் மரண அறிவித்தலுக்குப் பெரிய பங்கு. மரணம், அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள், ஆண்டு நினைவஞ்சலி என்று ஒரு குடும்பம் நாலு முறை பணம் செலுத்தும், அதுவும் முற்பணமாக. ஒவ்வொரு மாதிரிப் பிரதியிலும் மரண அறிவித்தல் எத்தனை பத்தி அங்குலம் (ஒரு பத்தி அகலத்தில் ஓர் அங்குல உயரம்) என்று அளந்து வைத்தால் விற்பனை ஏற்ற இறக்கத்துக்கு அது நம்பகமான நிழல். ஏனென்றால் ஊரார் தங்கள் துயரை எந்தப் பத்திரிகையில் போட்டால் எல்லோரும் பார்ப்பார்கள் என்பதை ஊராரே அறிவார்கள். "லண்டன்", "கனடா" என்ற சொற்கள் அந்த அறிவித்தல்களில் எந்த ஆண்டிலிருந்து கூடுகின்றன என்பதையும் எண்ணுங்கள். அதில் வரும் தனிமனிதர்களின் பெயர்களை உங்கள் நூலில் அச்சிட வேண்டியதில்லை, எண்ணிக்கை போதும்.

எவ்வளவு காலம் என்று கேட்டீர்கள். முப்பது வருடத்து இதழ்கள் முழுவதையும் வாசிக்க முயன்றவர்கள் மூன்றாவது வருடத்தில் கைவிடுவார்கள். மாதிரி எடுங்கள். ஒரு வருடத்துக்கு இரண்டு "கட்டிய வாரம்" போதும். அதாவது ஏதோ ஒரு திங்கள், வேறொரு வாரத்துச் செவ்வாய், இன்னொரு மாதத்துப் புதன் என்று கிழமைக்கு ஒன்றாகச் சீட்டுக் குலுக்கி ஏழு, இப்படி இரண்டு தொகுதி, மொத்தம் பதினான்கு. ஞாயிறு கதையும் திங்கள் மெலிவும் சமமாக வரவேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. மாதத்தின் முதல் நாளை எடுத்தால் போதாதா என்று தோன்றும். கூடாது, விளம்பரமும் அரசாங்க அறிவித்தலும் மாத முதலில் வேறு விதமாக இருக்கும். முப்பது வருடத்துக்கு 420 இதழ். இதழுக்கு 20 நிமிடம் என்றால் 140 மணிநேரம். வாசிப்பறையில் ஒரு நாளைக்கு உண்மையாக வேலை நடப்பது ஐந்து மணிநேரந்தான், ஆகவே 28 நாள். கட்டு வரப் பிந்துவது, கட்டுப் பழுதுபட்டுத் தர மறுப்பது எல்லாம் சேர்த்து 40 வரவு என்று வையுங்கள். மூன்று பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 13, 14. மேலே சொன்ன அறுபட்ட நாட்களுக்கு மட்டும் முன்னும் பின்னும் பத்து நாள் தொடர்ச்சியாக வாசியுங்கள். மூன்று பேரும் முதல் பத்து இதழ்களை ஒன்றாக இருந்து பதிந்து, எதை "உள்ளூர்ச் செய்தி" என்பது, எதை "விளம்பரம்" என்பது என்று ஒத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாத குழுக்களின் அட்டவணை கடைசியில் கூட்டவே வராது.

படம் எடுக்கும்போது விரித்த தாளை ஒன்றாக எடுக்காமல் பக்கம் பக்கமாக எடுங்கள். 24 மெகாபிக்சல் கமெரா 56 சென்ரிமீற்றர் நீளத்தை அங்குலத்துக்கு 270 புள்ளியளவில் பிடிக்கும். 12 மெகாபிக்சல் தொலைபேசி 180 தான் தரும். 180இல் வாசிக்கலாம், ஆனால் தேய்ந்த எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும், "க"வா "க்"கா என்று திணற வேண்டிவரும். அடிவரிகளைத் தனியாகக் கிட்ட வைத்து இன்னொரு படம் எடுங்கள். கோப்புக்குப் பெயர் வருடம், மாதம், நாள், பக்கம் என்ற ஒழுங்கில் இருக்கட்டும். அப்போதுதான் தானாக வரிசைப்படும். ஈய எழுத்துப் பக்கங்களைக் கணினி தானே வாசித்துத் தரும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். தலைப்புகளைக் கையால் தட்டச்சு செய்வதுதான் விரைவு.

கையிலுள்ள அறுபது பிரதிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். செய்தித்தாள் மரத்தை அரைத்த கூழில் செய்தது, அதிலுள்ள லிக்னின் வெளிச்சத்தில் பழுத்து அமிலமாகும், மடிப்பில்தான் முதலில் உடையும். விரித்துத் தட்டையாக, அமிலமற்ற கடதாசி இடையில் வைத்து, பெட்டியில் இடுங்கள். லாமினேற் செய்வதும் செலோரேப் ஒட்டுவதும் திரும்பப் பெற முடியாத கேடு. கொழும்பின் ஈரப்பதனில் அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், நாலு விரல் தள்ளி வையுங்கள். பூச்சி இருந்தால் மருந்து அடிக்காமல், பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் அடைத்து வீட்டு டீப் பிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பின்னர் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக்கூடாது. திறந்தால் குளிர்ந்த தாளில் நீர் கோத்துவிடும்.

ஆட்களைச் சந்திப்பதை இதெல்லாம் முடிந்த பின்னர் வையுங்கள், ஆனால் வயதானவர்களை மட்டும் உடனே சந்தியுங்கள். ஆசிரியரை எல்லோரும் பேட்டி கண்டிருப்பார்கள். அச்சுக் கோத்தவர், யந்திரத்தில் தாள் ஊட்டியவர், சரவை பார்த்தவர், அதிகாலையில் கட்டுப் பிரித்த ஏஜென்ட் ஆகியோரைத் தேடுங்கள். "அந்தக் காலம் எப்படி" என்று கேட்டால் ஆண்டு மலரில் உள்ளதையே சொல்வார்கள். ஒரு குறிப்பிட்ட திகதிப் பிரதியை அதே அளவில் அச்செடுத்து அவர் முன்னால் விரியுங்கள். இந்தத் தலைப்புக்கு மர எழுத்தா ஈயமா, இந்தப் பத்தி ஏன் பாதியில் நிற்கிறது, "நமது நிருபர்" என்றிருக்கும் இந்தச் செய்தியை யார் எழுதினார் என்று கேளுங்கள். பெயர் சொன்னால் அந்த அச்செடுத்த தாளின் ஓரத்திலேயே பென்சிலால் எழுதி, சந்தித்த திகதியையும் போட்டு, அவரது சம்மதக் கையொப்பத்தையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.